முதலில் தையல், பிறகே வெட்டு

அட்டைப்பெட்டித் தொழிலில் முப்பது ஆண்டுகள் விரல் தேய்ந்து, இன்று இந்த அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் எங்கள் சங்கத் தலைவர் அவர்களே! சங்கத்தின் சாவிக்கொத்தையும் சங்கத்தின் சண்டைகளையும் ஒன்றாகவே சுமந்து திரியும் செயலாளர் அண்ணன் அவர்களே! எங்கள் அழைப்பை மதித்து, இந்த ஊரின் மிகப் பெரிய சட்டை கம்பெனியிலிருந்து வந்து, நடு நாற்காலியில் அமர்ந்திருக்கும் சிறப்பு விருந்தினர், கொள்முதல் மேலாளர் அவர்களே! தொழிலுக்கு வயதைக் கொடுத்துவிட்டு முதல் வரிசையில் முதுகு நிமிர்த்தி உட்கார்ந்திருக்கும் மூத்தவர்களே! உடையில் ஒட்டிய நூல் பிசிறைக்கூட உதறாமல் வேலையிலிருந்து நேரே வந்திருக்கும் தாய்மார்களே! நாற்காலி போதாமல் சுவரோரம் நிற்கும் என் சக தொழிலாளர்களே! உட்கார்ந்திருப்பவர்களுக்கு ஒரு வணக்கம் என்றால், நிற்பவர்களுக்கு இரண்டு வணக்கம்.

எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு, "சிறுதொழில் வளர ஒரு நெம்புகோல்". கடனைக் கருவியாக்கித் தொழிலை வளர்ப்பது எப்படி என்று நான் பேச வேண்டுமாம். செயலாளர் அண்ணன் இதைத் துண்டுச் சீட்டில் எழுதித் தந்தார். சீட்டைத் திருப்பினால் பின்பக்கத்தில் இன்னொரு வரி: "விருந்தாளி முன்னால மானத்த வாங்கிடாதம்மா."

சிரிக்காதீர்கள். அண்ணன் என்னை முறைக்கிறார். அண்ணா, யார் மானத்தையும் வாங்க நான் மேடை ஏறவில்லை. எங்கள் வீட்டை மீட்க ஏறியிருக்கிறேன்.

ஆம், எங்கள் வீடு. அடுத்த மாதம் இருபதாம் தேதி ஏலத்துக்கு வருகிறது. பதினொரு நாளுக்கு முன்னால் வங்கிக்காரர் வந்து கதவில் நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போனார். பாதிப் பேருக்குத் தெரியும். தெரிந்தும், என்னைத் தெருவில் பார்த்தால் தெரியாத மாதிரி நடந்துபோகிறீர்கள். உங்களைக் குறை சொல்லவில்லை. இன்னொரு வீட்டுக் கதவில் நோட்டீஸ் ஒட்டியிருந்தபோது நானும் அப்படித்தான் நடந்துபோனேன்.

நெம்புகோல் என்றால் என்ன? ஒரு கோல். கோலுக்கு அடியில் ஒரு கட்டை. கோலின் மறுமுனையில் ஒரு பாரம். இந்த முனையில் ஒரு சின்னக் கை அழுத்துகிறது. அந்த முனையில் பெரிய பாரம் எழும்புகிறது. கடனும் அப்படித்தான் என்கிறார்கள். கையில் இருக்கும் கொஞ்சத்தைக் காட்டி, கையில் இல்லாத பெரிய தொகையை வாங்கி, தொழிலைத் தூக்கி நிறுத்தலாம் என்கிறார்கள். பொய்யா? பொய் இல்லை. எங்கள் வீட்டில் அது தூக்கியது. நான் கண்ணால் பார்த்தேன். ஆனால் நெம்புகோலைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் கோலைப் பற்றிப் பேசுகிறார்கள். எழும்பிய பாரத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். அடியில் கிடக்கும் கட்டையைப் பற்றி யார் பேசுகிறார்கள்? கைக்கும் பாரத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு, இரண்டின் எடையையும் தாங்கிக்கொண்டு கிடக்கிறதே, அந்தக் கட்டை எதனால் ஆனது என்று யார் குனிந்து பார்க்கிறார்கள்?

நான் பார்த்தேன், கொஞ்சம் தாமதமாக. அதைத்தான் சொல்ல வந்தேன்.

ஆண்கள் ஒரு நிமிடம் குனிந்து உங்கள் சட்டையைப் பாருங்கள். பார்த்தீர்களா? எல்லோரும் பொத்தானைப் பார்க்கிறீர்கள். பொத்தான் நுழைகிற துளையைப் பார்க்கச் சொன்னேன். அந்தத் துளைக்குத்தான் காஜா என்று பெயர். முன்பக்கத்தில் ஏழு, கழுத்தில் ஒன்று, மணிக்கட்டுக்கு ஒன்றாக இரண்டு. ஒரு சட்டைக்குப் பத்துத் துளை. அந்தத் துளையைப் போடுவதுதான் எங்கள் தொழில். வீட்டிலேயே ஒரு அறை. பதினாலு அடிக்குப் பத்து அடி. இரண்டு காஜா இயந்திரம். அதில் ஒன்றில் அக்கா, இன்னொன்றில் நான். மூலையில் ஒரு சின்ன முக்காலி. அதில் அம்மா உட்கார்ந்து நூல் பிசிறு வெட்டுவார். ஒன்பது வருடம் இப்படி ஓடியது. அக்கம்பக்கத் தையல்காரர்கள் சட்டை கொண்டுவருவார்கள், காசு கொடுத்துவிட்டு எடுத்துப்போவார்கள். பசி இல்லை, மிச்சமும் இல்லை.

இந்தத் தொழிலில் ஒரு விதி இருக்கிறது. காஜா போடத் தெரிந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்குச் சொல்கிறேன். முதலில் தையல், பிறகே வெட்டு. துளை வரப்போகிற இடத்தைச் சுற்றி ஊசி நெருக்கமாகத் தைத்து முடிக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் கத்தி இறங்கி நடுவில் கிழிக்க வேண்டும். தையல் பிடித்த துணி, கிழித்தாலும் நிற்கும். தைக்காமல் கிழித்தால்? நூல் நூலாகப் பிரிந்து நைந்து போகும். அது துளை இல்லை, ஓட்டை.

எங்களுடையது பழைய இயந்திரம். கத்தியைக் கைப்பிடி பிடித்து நாமே இழுக்க வேண்டும். உட்கார்ந்த முதல் வாரத்தில், ஊசி இறங்கும் முன்னே நான் கைப்பிடியை இழுத்துவிட்டேன். ஒரு தையல்காரருடைய வெள்ளைச் சட்டை, கழுத்துக்குக் கீழே வாயைப் பிளந்தது. அக்கா வந்து பார்த்தாள்.

"கண்ணு எங்க இருந்துச்சு?"

"கை தவறிடுச்சுக்கா."

"கை தவறல. உனக்கு அவசரம். கத்தி எங்கேயும் ஓடிப் போயிடாது. தையல் முடியிற வரைக்கும் அதால சும்மா தொங்க முடியும், உன்னால முடியாதா?"

இப்படி என்னைத் திட்டியவள்தான் என் அக்கா. இவ்வளவு விவரமானவள் என்ன செய்தாள் என்று கேளுங்கள்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு மதியம் லாட்காரர் வந்தார். லாட் என்றால் ஒரு நடைக்கு வரும் சட்டைக் கட்டு. அதைக் கம்பெனியிலிருந்து யூனிட் யூனிட்டாக இறக்கிவிட்டுப் போகிறவர் லாட்காரர். அவர் வாசலிலேயே நின்றார். உள்ளே வந்தால் நிற்க இடம் கிடையாது.

"ரெண்டு மெஷின வச்சுக்கிட்டு இன்னும் எத்தனை நாள் தெருத் தையல்காரங்களுக்கே ஓட்டப் போறீங்க? ஆறா ஆக்குங்க. தினம் ரெண்டாயிரம் சட்டை நான் இறக்குறேன்."

அக்கா இயந்திரத்தை நிறுத்தினாள். "தினமுமா?"

"தினமும்தான். போதும் போதும்னு நீங்களா கும்பிட்டாத்தான் நிறுத்துவேன்."

மூலையில் இருந்த அம்மா தலை நிமிராமலே கேட்டார். "இதையெல்லாம் எழுதித் தருவீங்களா தம்பி?"

லாட்காரர் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. "என்னம்மா, நான் என்ன நிலமா விக்கிறேன், எழுதித் தர? வாய் வார்த்தைதான்மா நம்ம தொழில்."

அவர் போனதும் அக்கா பொரிந்து தள்ளினாள். "மானத்த வாங்கிட்டியேம்மா! அவ்ளோ பெரிய கம்பெனிகிட்ட எழுத்துக் கேக்குற. கோவிச்சுக்கிட்டு அடுத்த தெருவுக்குப் போயிட்டா என்ன பண்றது?"

"கேட்டது தப்பாடி?"

"தப்புதான்."

நானும் சொன்னேன். "தப்புதாம்மா."

அம்மா குனிந்து அடுத்த சட்டையின் பிசிறை வெட்டினார். இன்றைக்கு இந்தக் கூட்டத்தைப் பார்த்துக் கேட்கிறேன். இங்கே நாற்பத்து மூன்று உறுப்பினர் இருக்கிறீர்கள். கம்பெனியிடம் ஒரு வரி, ஒரே ஒரு வரி, எழுதி வாங்கிய பிறகு இயந்திரம் வாங்கியவர் யாராவது உண்டா? கை தூக்குங்கள். தூக்குங்கள், தயங்காமல் தூக்குங்கள். ஒரு கைகூட இல்லை. பெரிய மனிதரிடம் எழுத்துக் கேட்பது அவரை அவமதிப்பது என்று நமக்குச் சொல்லிக் கொடுத்தது யார்? வங்கி நம்மிடம் ஒன்பது இடத்தில் கையெழுத்து வாங்குகிறது. அது அவமதிப்பு இல்லை. வாடகைக்கு விடுகிறவர் எழுதி வாங்குகிறார். அது அவமதிப்பு இல்லை. நாம் கேட்டால் மட்டும் அவமதிப்பா? ஒரு நாளைக்கு ஆயிரம் துளைக்குத் தையல் போட்டு வெட்டுகிற நாங்கள், இருக்கிற ஒரே வீட்டில் கத்தியை வைக்கும்போது தையல் கேட்கக் கூச்சப்பட்டோம்!

வங்கிக்குப் போனோம். அதிகாரி நல்ல மனிதர். குற்றம் சொல்ல மாட்டேன். "பயப்படாதீங்கம்மா, கடன்னா சுமை இல்ல, நெம்புகோல்" என்று அவர்தான் முதன்முதலில் இந்த வார்த்தையைச் சொன்னார். பிறகு கேட்டார். "ஜாமீன் கையெழுத்துப் போட வேற யாராவது இருக்காங்களா?"

நாங்கள் மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். யாரும் இல்லை. அப்படியானால் வீட்டுப் பத்திரம் போதும் என்றார். பத்திரம் அம்மா பெயரில் இருந்தது. அம்மா பேனாவைக் கத்தரிக்கோல் மாதிரி இறுக்கிப் பிடித்து, ஒன்பது இடத்திலும், ஒவ்வொரு எழுத்தாக, முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டார். அதற்குக் கீழே அக்கா போட்டாள்.

நான்கு இயந்திரம் வண்டியில் வந்து இறங்கியது. எங்கள் வாசல் உயரம். ஆட்கள் தூக்கிப் பார்த்தார்கள், முடியவில்லை. சுமை இறக்குகிற அண்ணன் கடப்பாரையை எடுத்தார். "அடியில வைக்க ஒரு கட்டை குடுங்க" என்றார். வீட்டுக்குள் ஓடினேன். கண்ணில் பட்டது அம்மாவின் முக்காலி. எடுத்துக் கொடுத்தேன். நான்தான் கொடுத்தேன், இந்தக் கையால். அவர் முக்காலியை வைத்தார், கடப்பாரையை வைத்தார், அழுத்தினார். ஒன்று ஏறியது. இரண்டு ஏறியது. மூன்று ஏறியது. நாலாவது ஏறும்போது முக்காலி படீரென்று இரண்டாகப் பிளந்தது.

"மெஷின் ஏறிடுச்சுல்ல, விடுங்க" என்றார் அவர். "முக்காலி என்ன பெரிய முக்காலி."

எல்லோரும் சிரித்தோம். அம்மாவும் சிரித்தார். அன்று முதல் அம்மா தரையில் உட்கார்ந்துதான் பிசிறு வெட்டுகிறார். புது முக்காலி வாங்க வேண்டும் என்று இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

நான் கடனுக்கு எதிராகப் பேசுகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். முதல் ஐந்து மாதம் இருக்கிறதே, அதைப் போல ஒரு காலத்தை எங்கள் வீடு பார்த்ததில்லை. ஆறு இயந்திரமும் சேர்ந்து ஓடினால் சுவர் அதிரும். அந்த அதிர்வு எங்களுக்குத் தாலாட்டு. நான்கு பெண்கள் புதிதாக வேலைக்கு வந்தார்கள். அதில் ஒருத்தி முதல் வாரக் கூலியை வாங்கி எண்ணவில்லை. கையில் மூடிக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். "எண்ணிப் பாரு" என்றேன். "வீட்டுக்குப் போய் எண்ணுறேன்க்கா. இங்க எண்ணினா சீக்கிரம் முடிஞ்சுடும்" என்றாள். முப்பத்தெட்டு வயதில் அவள் வாங்கிய முதல் கூலி அது. சொல்லுங்கள், அந்தக் கூலியைக் கொண்டுவந்தது எது? கடன். அந்தப் பெண்ணை நிமிர்த்தியது எது? கடன். கோல் தூக்கும், நண்பர்களே. கோல் நிச்சயமாகத் தூக்கும். அதனால்தான் கட்டையைப் பற்றி இவ்வளவு கத்துகிறேன்!

ஆறாவது மாதம் பணம் வரத் தாமதமானது. முப்பது நாளில் வந்தது அறுபது நாளானது. அறுபது தொண்ணூறானது. தொண்ணூறு நூற்றிருபதானது. தவணைத் தேதி மட்டும் ஐந்தாம் தேதியாகவே இருந்தது. அது ஒரு நாள்கூட நகரவில்லை. நான்கு பெண்களின் கூலி சனிக்கிழமை. அதுவும் நகராது, நகரவும் கூடாது.

அக்கா கம்பெனிக்குப் போனாள். கணக்குப் பிரிவு ஜன்னலில் ஒருவர் இருந்தார்.

"பில் பாஸ் ஆகலம்மா."

"எப்ப ஆகும் சார்?"

"மேல கேளுங்க."

"மேலன்னா யாரு?"

"மேலன்னா மேலதான்."

"மூணாவது மாடியா, நாலாவது மாடியா, அதையாவது சொல்லுங்க சார். ஏறிப் போய்க் கேட்டுக்கிறேன்."

அவர் ஜன்னலைச் சாத்தினார்.

மேலாளர் ஐயா, நீங்கள் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறீர்கள். எனக்குக் கொடுத்தது இருபது நிமிடம், இன்னும் முடியவில்லை. நூற்றிருபது நாள் காத்திருந்த எங்களோடு இன்னும் எட்டு நிமிடம் காத்திருங்கள்.

கைதட்ட வேண்டாம். இது கைதட்டுகிற விஷயம் இல்லை. ஒரு கேள்வி. எங்கள் உழைப்புக்கான காசு நூற்றிருபது நாள் யாரிடம் இருந்தது? கம்பெனியிடம். அதற்கு வட்டி உண்டா? இல்லை. பத்திரம் உண்டா? இல்லை. ஜாமீன் உண்டா? இல்லை. அதே நூற்றிருபது நாளுக்கு நாங்கள் வங்கிக்கு வட்டி கட்டினோமா? கட்டினோம். அப்படியானால் யார் யாருக்குக் கடன் கொடுத்தது? பதினாலடி அறையில் தரையில் உட்கார்ந்து பிசிறு வெட்டும் ஒரு தாய், நான்கு மாடிக் கட்டடத்துக்கு வட்டியில்லாமல் கடன் கொடுத்திருக்கிறார்! இப்படி நாற்பத்து மூன்று யூனிட் கொடுத்த கடனில்தான் அந்த நாலாவது மாடி எழும்பியது. அவர்களும் நெம்புகோலைத்தான் பயன்படுத்தினார்கள். வித்தியாசம் ஒன்றுதான். எங்கள் கோலுக்குக் கட்டை எங்கள் வீடு. அவர்கள் கோலுக்குக் கட்டையும் எங்கள் வீடு.

இன்றைய தேதிக்குக் கம்பெனி எங்களுக்குத் தர வேண்டிய பாக்கி, ஒன்பது தவணைக்குப் போதும். நாங்கள் கட்டத் தவறியது நான்கு தவணை. அந்த நான்குக்காக வீடு ஏலத்துக்குப் போகிறது. கணக்கு அவ்வளவுதான். விரல் விட்டு எண்ணிப் பாருங்கள், குழந்தைக்கும் புரியும். நாலாவது மாடிக்கு மட்டும் புரியவில்லை.

நோட்டீஸ் ஒட்ட வந்தவர் ஒட்டி முடித்துவிட்டுத் தண்ணீர் கேட்டார். அம்மா கொடுத்தார். அவர் போன பிறகு அம்மா கதவருகே போய், ஓரத்தை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, "பசைய நல்லாத்தான் தடவியிருக்காரு" என்றார். எழுத்துக் கேட்ட அன்றைக்கு நாங்கள் தப்பு என்று சொன்னோமே, அதை ஒருமுறைகூட அவர் சொல்லிக் காட்டவில்லை. சொல்லிக் காட்டியிருந்தால் நான் இங்கே இவ்வளவு சத்தம் போட மாட்டேனோ என்னவோ.

இதுவரை பிறர் குற்றத்தைச் சொன்னேன். இனிமேல் சொல்லப் போவது எங்கள் குற்றம். இது இல்லாமல் இந்தப் பேச்சு முழுமை ஆகாது.

எட்டு மாதத்துக்கு முன்னால் கம்பெனி ஒரு துளைக்கான கூலியில் ஐந்தில் ஒரு பங்கைக் குறைத்தது. அடுத்த தெருவில் ஒரு யூனிட். நடத்துகிறவரை எல்லோரும் ஒற்றைக் கண்ணாடி அண்ணன் என்போம். மூக்குக் கண்ணாடியில் ஒரு பக்கம் விழுந்து உடைந்ததை மாற்றாமலே மூன்று வருடமாக ஓட்டுகிறார். கேட்டால், "ஊசி ஒண்ணுதானே, பார்க்க ஒரு கண்ணு போதும்" என்பார். அந்த அண்ணன், "இந்தக் கூலிக்கு என்னால முடியாது" என்று சொல்லி லாட்டைத் திருப்பி அனுப்பினார். இந்த ஊரில் அன்றைக்கு முதுகெலும்போடு நின்றவர் அவர் ஒருவர்தான். அந்த லாட் எங்கே போனது தெரியுமா?

எங்கள் வாசலுக்கு வந்தது.

"அடுத்த தெருவுல முடியாதுன்னுட்டாங்க. நீங்க எடுத்துக்கிறீங்களா?" என்றார் லாட்காரர். அக்கா என்னைப் பார்த்தாள். தவணைக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது. நான் லாட்டை வாங்கி உள்ளே வைக்க இடம் ஒதுக்கினேன். அவ்வளவுதான். அந்த மாதமே அண்ணன் இரண்டு இயந்திரத்தை விற்றார். இரண்டு மாதம் கழித்து கம்பெனி கூலியை மறுபடி குறைத்தபோது, நாங்கள் முடியாது என்றோம். லாட்காரர் லாட்டை மறுபடி வண்டியில் ஏற்றினார். இன்னொரு தெருவில், இன்னொரு வாசலில், அதே வார்த்தையைச் சொன்னார்: "அடுத்த தெருவுல முடியாதுன்னுட்டாங்க." அந்த அடுத்த தெரு நாங்கள்தான். மறுநாளே ஓடிப்போய், குறைத்த கூலிக்கே கொடுங்கள் என்று கேட்டு வாங்கினோம்.

அண்ணா, மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறீர்கள். எல்லோர் முன்னாலும் சொல்கிறேன். நாங்கள் செய்தது துரோகம். அதற்குப் பயம் என்று பேர் வைத்துத் தப்பிக்க நான் விரும்பவில்லை. உங்கள் இரண்டு இயந்திரத்தில் என் கையும் பட்டிருக்கிறது. மன்னிக்கச் சொல்லிக் கேட்கக்கூட எனக்கு வாய் வரவில்லை.

என்ன அண்ணா? சத்தமாகச் சொல்லுங்கள். "இப்ப எதுக்கு அந்தப் பேச்சு" என்கிறீர்கள். இப்போதுதான் அந்தப் பேச்சு, அண்ணா. இதைப் பேசாமல் இருந்ததால்தான் இந்த ஊரில் ஒவ்வொரு தெருவும் இன்னொரு தெருவுக்கு அடுத்த தெருவாகவே இருந்துவிட்டது.

இந்த ஊரில் காஜா யூனிட் எத்தனை? பதினொன்று. கம்பெனி சட்டை ஒவ்வொன்றும் இந்தப் பதினொரு அறையில் ஏதோ ஒன்றில் நுழைந்து வந்தாக வேண்டும். கழுத்துப்பட்டி தைப்பவர்கள், துவைத்துத் தேய்ப்பவர்கள், தலைவர் மாதிரி பெட்டி செய்பவர்கள் எல்லோரையும் விடுங்கள். வெறும் பதினொரு அறை. பூட்ட முடியாத சட்டையை எந்தக் கடை விற்கும்? பொத்தான் நுழையாத சட்டையை எந்தக் கப்பல் ஏற்றும்? அந்த நான்கு மாடியும் நம்முடைய அரை அங்குலத் துளையில் தொங்குகிறது, நண்பர்களே! கையில் இவ்வளவு பெரிய கோலை வைத்துக்கொண்டு, கோல் வாங்கக் கடன் தேடி அலைந்திருக்கிறோம். தனித் தனியாகப் பிடித்தால் அது குச்சி. ஒரு யூனிட் முடியாது என்றால் லாட் அடுத்த தெருவுக்குப் போகும். பதினொன்றும் ஒரே வார்த்தையைச் சொன்னால் எங்கே போகும்?

மேசை மேல் ஒரு தாள் இருக்கிறது. அக்கா எழுதியது. லாட் சீட்டின் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறாள். வேறு தாள் வாங்க அவளுக்கு நேரமில்லை. இப்போதும் அவள் இங்கே இல்லை. இன்றைய லாட்டில் இன்னும் எண்ணூறு சட்டை பாக்கி இருக்கிறது, இயந்திரத்தில் உட்கார்ந்திருக்கிறாள். வந்த சரக்கைப் பிடித்து வைக்கலாம் என்று சிலர் சொன்னார்கள். "அது அவங்க துணி. அதுல கை வைக்க மாட்டேன். என் கூலியில அவங்க கை வைக்கிறாங்கன்னுதானே சண்டை போடுறேன்" என்றாள்.

தாளில் இருப்பதை வாசிக்கிறேன். 'புது இயந்திரம் போடச் சொல்கிற கம்பெனி, எத்தனை மாதத்துக்கு எவ்வளவு வேலை, என்ன கூலி என்று எழுதித் தர வேண்டும். எழுத்து வராமல் எந்த யூனிட்டும் கடன் வாங்கி இயந்திரம் போடாது. சரக்கு கொடுத்த நாற்பத்தைந்தாம் நாள் பணம் வர வேண்டும். கூலி பற்றாது என்று ஒருவர் திருப்பிய லாட்டை இன்னொருவர் தொட மாட்டார். பழைய பாக்கி எல்லோருக்கும் இந்த மாத முடிவுக்குள் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த நாள் காலை முதல் புது லாட் எடுக்க மாட்டோம்.' இவ்வளவுதான். கடைசி வரியில் எங்கள் வீடு இருக்கிறது, மறைக்கவில்லை. ஆனால் முதல் வரியில் உங்கள் வீடு இருக்கிறது. அடுத்து இயந்திரம் வாங்கக் கடன் விண்ணப்பத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு இங்கே உட்கார்ந்திருக்கும் நான்கு பேரை எனக்குத் தெரியும். போங்கள், வாங்குங்கள், வளருங்கள்! கோலைப் பிடியுங்கள்! ஆனால் முதலில் தையல், பிறகே வெட்டு. எழுத்து தையல். தேதி தையல். பக்கத்துத் தெருக்காரன் நம்மை வெட்ட மாட்டான் என்ற உறுதி இருக்கிறதே, அதுதான் எல்லாவற்றையும்விட நெருக்கமான தையல். அதைப் போட்டுவிட்டுக் கத்தியை இழுங்கள், துணி நிற்கும்.

மேலாளர் ஐயா, உங்களை மிரட்டவில்லை. நீங்களும் சம்பளக்காரர். "மேல" என்றால் யார் என்று உங்களுக்கும் தெரியாமல் இருக்கலாம். இந்தத் தாளின் நகலை மேலே கொண்டுபோங்கள், எந்த மாடி ஆனாலும். நாளைக்கே எங்கள் வாசலில் லாட் இறங்காமல் போகலாம், தெரிந்துதான் பேசுகிறேன். ஆறு இயந்திரமும் நின்றுபோகலாம். பேசாமல் இருந்தாலும் அடுத்த மாதம் இருபதாம் தேதி எப்படியும் நிற்கத்தான் போகிறது.

இப்போது கையெழுத்து. முதல் கையெழுத்து யார் என்று கேட்கிறார் செயலாளர் அண்ணன்.

அங்கே யார் எழுந்திருப்பது? வழி விடுங்கள். கொஞ்சம் நாற்காலியை நகர்த்துங்கள். ஒற்றைக் கண்ணாடி அண்ணன் வருகிறார். அண்ணா, படி பார்த்து வாருங்கள்.

என்ன கேட்கிறீர்கள்? பேனாவா? இதோ.

"எங்க போடணும்?" என்று கேட்கிறார். தாளின் அடியில், அண்ணா. இடம் நிறைய இருக்கிறது. போட்டுவிட்டார். பேனாவை என்னிடம் தரவில்லை, தலைவரிடம் நீட்டுகிறார். தலைவர் வாங்கிக்கொண்டார். அவருக்குப் பின்னால் இருவர், நால்வர்... தள்ளாதீர்கள், வரிசையாக வாருங்கள். சுவரோரம் நிற்பவர்கள் முதலில் வரட்டும். அவர்கள்தான் ஏற்கெனவே நின்றுகொண்டிருக்கிறார்கள்.

அம்மா! நீங்க ஏன் எழுந்திரிக்கிறீங்க? உட்காருங்க. இல்ல, உட்காருங்கம்மா, உங்களுக்கும் இடம் இருக்கு. போன தடவை வங்கியில நீங்க முதல் ஆளாப் போட்டீங்க; உங்க கூட நிக்க ஒருத்தர்கூட இல்ல. இந்தத் தடவை எல்லாரும் போட்டு முடிக்கட்டும். நீங்க கடைசியாப் போடுங்க.

தலைமைக்கும், மேடைக்கும், பொறுத்திருந்து கேட்ட விருந்தினருக்கும், எழுந்து நடந்து வருகிற உங்கள் ஒவ்வொருவருக்கும் என் நன்றி. ஒலிவாங்கியை விட்டு நகர்கிறேன். மேசைக்குப் போகும் வழியை நான் மறைத்துக்கொண்டு நிற்கிறேன். வணக்கம்.